சூரியனுக்கு ஒரு கண்ணாடி

கேமரா லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பெட்டியை யார் வேண்டுமானாலும் அழகாக அச்சடித்துவிடலாம். கண்ணாடியை வெளியே எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழே கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். விளக்கு அதில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் அது வெறும் ஜன்னல் கண்ணாடி. மங்கிப்போய், பச்சையாகவோ கத்தரிப்பூ நிறத்திலோ தெரிந்தால் மேலே பூச்சு இருக்கிறது. பிறகு வளையத்தைப் பார்க்க வேண்டும். பித்தளை என்றால் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாது. மட்டமான அலுமினியம் ஒருநாள் வெயிலில் கடித்துக்கொண்டால், கழற்ற ஆள் தேடி அலைய வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் கேட்டார்கள்.

நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னீர்கள். இதுவும் நடந்ததில் சேர்த்திதான். இதைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

கேமரா கடையில் மாடிப்படிக்குப் பக்கத்தில் என் கவுன்டர். இரண்டு கை அகலம்தான். கீழே பதினாறு இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பச்சைத் துணி விரித்து, அளவுவாரியாகக் கண்ணாடிகள். கல்யாணப் படம் எடுப்பவர்கள், பத்திரிகைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் என்னைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் கடையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அதில் குறை இருந்ததில்லை.

நானும் படம் எடுக்கக் கிளம்பியவன்தான். நானும் என் தம்பியும் ஒரே ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் என்னைவிட ஆறு வயது இளையவன். எனக்குக் கையில் ஒரு நடுக்கம் உண்டு. இப்போதும் பாருங்கள், இந்தத் தண்ணீர் டம்ளரைப் பிடித்திருக்கும்போது தெரியும். நோய் இல்லை, உடம்பு வாகு அப்படி என்றார் டாக்டர். கனமான லென்ஸை ஏந்தினால் படம் கலங்கிவிடும். தம்பியின் கை அசையாது. ஒரு தூணை நட்டுவைத்த மாதிரி. ஆக, அவன் படம் எடுக்கப் போனான், நான் கண்ணாடி விற்க வந்தேன். இதைப் பொறாமையோடு சொல்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். அவனுடைய லென்ஸ்களுக்கு முன்னால் இருந்த கண்ணாடிகள் அத்தனையும் நான் பொறுக்கி எடுத்தவை.

அவனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெள்ளத்தில் பாதி மூழ்கிய பேருந்து, முன் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநரின் முகம். அந்த முகம் எப்படித் தெரிந்தது என்று யாராவது யோசித்தார்களா? தண்ணீருக்கு நடுவே நிற்கும் பேருந்துக் கண்ணாடியில் வானம்தான் தெரியும், ஆள் தெரியமாட்டான். அன்று காலை அவன் அவசரமாக ஓடிவந்தபோது நான்தான் கண்ணாடியில் விழும் பிம்பத்தை விலக்கும் போலரைசர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டிவிட்டேன். "வளையத்தை மெதுவாத் திருப்புடா. கண்ணாடியில இருக்கிற வானம் அப்படியே விலகும். விலகினதும் அமுக்கு" என்றேன். விலகியது. அமுக்கினான். பரிசு கிடைத்தது.

பரிசளிப்பு மேடையில் அவன் பத்திரிகை ஆசிரியருக்கு நன்றி சொன்னான், மனைவிக்குச் சொன்னான். தண்ணீரில் ஊறியும் பிய்ந்துபோகாத தன் பூட்ஸுக்குக்கூட நன்றி சொன்னான். அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் நானும் சிரித்தேன். பிறகு அந்தப் படத்தில் ஒரு பிரதி எடுத்து, பின்னால் 'அண்ணனுக்கு' என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். படத்தைச் சுவரில் மாட்டினால் பின்பக்கம் யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் பழைய கதை. நான் இதற்காகச் செய்யவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் வீடியோவில் பாடம் நடத்த ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசுவான். முகத்தில் சிரிப்பு இருக்கும், பார்க்கிறவர்களுக்கு நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு வீடியோவில் யாரோ ஃபில்டர் வாங்குவதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"ஃபில்டர் எல்லாம் கடைக்காரங்க காட்டுற வித்தைங்க. எங்க அண்ணனே இருபது வருஷமா அதைத்தான் வித்துக்கிட்டிருக்கான். தங்கமான மனுஷன். ஆனா அவன் சொல்றதை நம்பிடாதீங்க. ஜன்னல் கண்ணாடியை வட்டமா வெட்டி மாட்டினாலும் படம் வரும். எல்லாம் ஒரே கண்ணாடிதான்."

ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பெண் தோழிகளோடு வந்து, எதுவும் வாங்காமல், கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "நீங்கதானே அந்த அண்ணன்?" என்று கேட்டாள். கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. சிங்கத்தைப் பார்க்க வருகிற மாதிரி வந்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு நிறையப் பேர் அப்படி வந்தார்கள். வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். நான்காவது மாதம் முதலாளி என் பதினாறு இழுப்பறைகளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செல்போன் மாட்டுகிற குச்சிகளைத் தொங்கவிட்டார். என்னை மாடியில் இருக்கும் சரக்கு அறைக்கு அனுப்பினார். அங்கே பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். ஜன்னல் கிடையாது. ஒரு மின்விசிறி, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு முக்காலி.

தம்பியிடம் சொன்னேன். அவன் என் தோளில் கைபோட்டு, "அட, அது தமாஷுக்குச் சொன்னதுண்ணே. நீ இதுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி? முதலாளிகிட்ட நான் பேசறேன்" என்றான். பேசினான் என்றும் கேள்வி. முதலாளி அவனோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாராம்.

இப்போது அந்த இரண்டு கண்ணாடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

சூரியனைப் படம் எடுக்க என்றே ஃபில்டர் உண்டு. எங்களிடம் பெரிய லென்ஸுக்கான அளவில் இரண்டு இருந்தன, ஒரே மாதிரிப் பெட்டியில். ஒன்று உண்மையானது. மேலே உலோகப் பூச்சு. சூரிய வெளிச்சத்தையும் நிறுத்தும், கூடவே வருகிற, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரையும் நிறுத்தும். இன்னொன்று போலி. பார்க்க அதைவிடக் கறுப்பாகவே இருக்கும். அது கடைக்கு வந்த அன்றே நான் சோதித்துவிட்டேன். டி.வி. ரிமோட்டின் முனைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து, பட்டனை அமுக்கி, செல்போன் கேமரா வழியாகப் பார்த்தால் போதும். நல்ல கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. போலிக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்ன விளக்கு நட்சத்திரம் மாதிரி மின்னியது. வெளிச்சத்தை வாசலில் நிறுத்திவிட்டுச் சூட்டை மட்டும் உள்ளே அனுப்பும் கண்ணாடி அது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கிடக்கட்டும் என்றார். யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதே என்று வளையத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, 'சூரியனுக்கு ஆகாது' என்று எழுதிவைத்தேன்.

எங்களிடம் வாடிக்கையாகப் பறவைப் படம் எடுக்கிற கண் டாக்டர் ஒருவர் வருவார். அவர் ஒருமுறை சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. விழித்திரைக்கு வலி தெரியாதாம். வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தால் கூசும், தானாக மூடிக்கொள்ளும். இருட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கூசாது. கண்மணி இன்னும் அகலமாகத் திறந்துகொள்ளும். சூடு நேராக உள்ளே போகும். பார்க்கிறவனுக்கு இதமாக இருக்குமாம்.

தம்பி இந்தக் காலத்துக் கேமராக்களை வைத்துக்கொள்வதில்லை. திரையைப் பார்த்துப் படம் எடுப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்பான். பழைய மாதிரி, வியூஃபைண்டரில் வலது கண்ணை ஒட்டவைத்து, லென்ஸ் வழியாக நேரே பார்ப்பான்.

கிரகணத்துக்கு முந்தின நாள் மதியம் அவன் மாடி ஏறி வந்தான். கையில் எனக்குப் பிடித்த பிஸ்கட் பொட்டலம்.

"அண்ணே, நாளைக்குக் காலையில நிலா சூரியனைக் கடிக்கப்போகுது. பத்திரிகையில முதல் பக்கம் நம்மளுதுதான். கறுப்பா ஒன்னு எடுத்துக் குடு."

"கறுப்பா வேணும்னா லென்ஸ் மூடியே இருக்கேடா" என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நாங்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து சிரித்து நாளாகியிருந்தது. பிறகு என் முதுகைத் தட்டி, "ஏதோ ஒன்னு குடுண்ணே. எல்லாம் ஒரே கண்ணாடிதானே" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் செய்யவைத்தது என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் உங்களிடம் சரியாகச் சொல்ல வேண்டும். சிவப்பு ஸ்டிக்கரை அன்று காலையிலேயே நான் உரித்துவிட்டிருந்தேன். அவன் வருவான் என்று தெரியும். வேறு யாரிடம் போவான்?

போலிக் கண்ணாடியை எடுத்து, துணியால் இரண்டு பக்கமும் துடைத்துக் கொடுத்தேன். அவன் அதை மின்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "சரியா இருக்குமா?" என்றான்.

"கண்ணு கூசாது" என்றேன். அது பொய்யில்லை.

"நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டான். அந்தச் சொல் என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. ஆனால் அதை இந்த ஜன்னல் இல்லாத அறையில் வந்து சொல்கிறானே, ஆறு லட்சம் பேருக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

என் எண்ணம் இவ்வளவுதான்: ஒரு கண், அதுவும் வலது கண். மனிதன் வாழ ஒரு கண் தாராளமாகப் போதும். சாப்பிடலாம், தெருவில் நடக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடலாம். படம்தான் எடுக்க முடியாது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் உண்டு என்பது அவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது. அவ்வளவுக்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

காலையில் கிரகணம் ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது இருபதுக்கு என் போன் அடித்தது. இந்த அழைப்பைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தம்பி மகள். பதினோரு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் கழித்துப்போட்ட நிறக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துக்கொண்டு, எங்கள் கூடத்தைச் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பார்த்துக்கொண்டிருப்பாள். என் மனைவியை நீலமாகப் பார்த்துவிட்டு, "பெரியம்மா செத்துட்டாங்க!" என்று கத்துவாள். அவளுக்கு என்மேல் பிரியம் அதிகம்.

"பெரியப்பா, நாங்க மொட்டை மாடியில இருக்கோம். ஸ்டாண்டு எல்லாம் போட்டாச்சு. அப்பா என்னைத்தான் முதல்ல பார்க்கச் சொல்லியிருக்கார்."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பெரியப்பா? கேக்குதா?"

"கேக்குதும்மா."

"நீங்க குடுத்த கண்ணாடிதானாம். அப்பா சொன்னார். அதான் உங்களுக்குச் சொல்லலாம்னு பண்ணினேன். பள்ளிக்கூடத்துல யாருமே இப்படிப் பார்க்கமாட்டாங்க, இல்ல?"

"பார்க்கமாட்டாங்க" என்றேன். பிறகு, "நல்லாப் பாரும்மா" என்றேன்.

ஒரு நிமிஷமும் கொஞ்சமும் பேசியிருப்போம். அவள் வைத்துவிட்டாள். கிரகணம் தொடங்க இன்னும் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் தம்பி ஏன் என்று கேட்பான். என்ன சொல்வது? போனை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு, புதிதாக வந்த பெட்டிகளைப் பிரித்து அளவுவாரியாக அடுக்கினேன். நாற்பத்திரண்டு பெட்டிகள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தபோது பத்தே கால்.

சாயங்காலம் நான்கு மணிக்குத் தம்பி கண் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். "அண்ணே, பாப்பாவுக்கு நடுவுல ஒன்னும் தெரியலைங்கறா. எனக்கும் வலது கண்ணுல ஒரு கறுப்பு நிக்குது. தேய்ச்சாலும் போகலை. நீ கொஞ்சம் வாயேன்."

போனேன். நீளமான நடை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், கோடியில் ஒரு மீன் தொட்டி. தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழவில்லை. என் குரல் கேட்டதும் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்காமல் காதுப் பக்கமாக எங்கேயோ பார்த்தாள்.

"பெரியப்பா, உங்க மூஞ்சி இருக்கிற இடத்துல மட்டும் ஓட்டை. சட்டை எல்லாம் தெரியுது."

முதலில் வலது கண்ணால் பார்த்தாளாம். அழகாக இருந்ததாம். ஒரு கண் மட்டும் பார்த்தால் இன்னொரு கண் பாவம் என்று இடது கண்ணாலும் பார்த்தாளாம். அதையும் அவளே சொன்னாள். தம்பி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

மருந்து இல்லை என்றார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இப்போது ஏழு மாதம் ஆகிறது. தம்பியின் வலது கண் திரும்பவில்லை. குழந்தைக்கு இடது கண்ணில் ஓரளவு வந்திருக்கிறது. பெரிய எழுத்துகளைத் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் படிக்கிறாள். அன்று எடுத்த படம் நன்றாகவே வந்திருந்தது, முதல் பக்கத்தில் போட்டார்கள். விளிம்பு அவ்வளவு கூர்மையாக இருந்தது.

அந்தக் கண்ணாடி என் கையிலிருந்து போனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தம்பி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான். அந்தக் கண்ணாடியை ஆஸ்பத்திரியில் சோதனைக்கு அனுப்பி, அது போலி என்று தெரிந்ததும், நடைபாதைக் கடையில் தானே வாங்கியதாக எழுதிக்கொடுத்துவிட்டான். வீடியோவிலும் வந்து உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வழிய, "எங்க அண்ணன்கிட்ட போயிருந்தா நல்ல கண்ணாடி குடுத்திருப்பான். நான் போகலை. புத்தி கெட்டுப்போச்சு" என்று ஊருக்கே சொன்னான். அதை எண்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

நீங்கள் கேட்கலாம், அதோடு நான் சும்மா இருந்திருக்கலாமே என்று. இருந்திருக்கலாம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் விரும்பியது எல்லாமே நடந்திருந்தது. கடையில் மறுபடி ஃபில்டர் கேட்டு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். ஆனால் அவன் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான். குழந்தையும் கூட வந்தாள். அவள் உள்ளே போனதும், என் எதிரே உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதே. ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்துருக்கு, நீ மாத்தி எடுத்துட்ட. அவ்வளவுதானே? யாருக்கும் வர்ற தப்புதான். நீ வேணும்னு பண்ணுவியா? உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான் அப்படி எழுதிக்குடுத்தேன். வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. முதலாளிக்கு மட்டும் சொல்லிவச்சிருக்கேன், இனிமே இப்படி ஆகாம பார்த்துக்கணுமே."

நான் அவனுடைய நல்ல கண்ணைப் பார்த்தேன். மனதாரத்தான் சொல்கிறான். அவனுக்கு என்மேல் கோபம் இல்லை.

மறுநாள் முதலாளி சரக்கு அறைக்கு ஏறி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. என் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில், "வயசாகுதுல்ல. இனிமே கண்ணாடிப் பக்கம் நீங்க போகவேண்டாம். வேற ஆள் பார்த்துக்கட்டும். பில்லுல முத்திரை குத்துற வேலையைப் பாருங்க" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். என் மனைவியும் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "கண்ணை ஒருதடவை காட்டிக்கிட்டா என்ன? உங்களுக்கும் பார்வை மங்குதோ என்னமோ" என்றாள். தம்பி மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஐயோ பாவம் என்பதுபோல் ஒரு சிரிப்பு சிரிக்கிறாள்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் இன்று நானாக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான கண்ணாடியை அதன் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறேன். உரித்தெடுத்த சிவப்பு ஸ்டிக்கர் இந்த உறைக்குள் இருக்கிறது. என் கையெழுத்து, கோணலாக இருக்கும். மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பி ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு திரியக் கூடாது, குழந்தைக்கும் ஒருநாள் நடந்தது தெரிய வேண்டும். இப்படித்தான் நான் பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி. 'தவறான கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன்' என்று நான் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் முன்னால் இரண்டு இருந்தன, எது எதைச் செய்யும் என்று எனக்குத் தெரியும், எனக்கு எது வேண்டுமோ அதைத்தான் எடுத்தேன். 'தவறான' என்பதை அடித்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.